எழுபத்தைந்து இன்ச் வயிற்றெரிச்சல்

ரேடியோவுக்கு மூன்று வாரமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. மருந்துக் கடையில் விற்கிற எந்த மாத்திரைக்கும் அடங்காத எரிச்சல் அது. அவனுடைய சகலை அறுபத்தைந்து இன்ச்சில் டிவி வாங்கி ஹால் சுவரில் மாட்டிவிட்டான். அன்றிலிருந்து ரேடியோவின் மனைவி தங்கள் வீட்டு முப்பத்திரண்டு இன்ச்சின் முன்னால் உட்கார்ந்து, "அக்கா வீட்ல பார்த்தா ஹீரோயின் தோட்டுல இருக்கற கல்லை எண்ணலாம். இங்க ஹீரோயினையே தேட வேண்டியிருக்கு" என்று பெருமூச்சு விடுகிறாள். அந்தப் பெருமூச்சு ஒவ்வொன்றும் ரேடியோவின் நெஞ்சில் ஊசியாகக் குத்தியது.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வாய் ஓயாததால் மேடம் வைத்தது. மேடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினைந்து வருஷம் உடைந்த சாமான்களைப் பார்த்து, தானாக உடைந்ததா, யாராவது உடைத்ததா என்று எழுதிக் கொடுத்தவர். அந்த வேலையை உதறிவிட்டு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் திறந்து எட்டு வருஷமாகிறது. எட்டு வருஷமும் அவருக்கு ஒரே உதவியாள் ரேடியோதான்.

"எழுபத்தஞ்சு இன்ச் மேடம்" என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர். ரேடியோவின் காது விடைத்தது.

"எழுபத்தஞ்சா? அதுக்குத் தனியா வாடகை கொடுக்கணுமே" என்றான்.

"ரேடியோ, சத்தத்தைக் குறை" என்றார் மேடம். "நீங்க சொல்லுங்க."

வந்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான தேகம். டிவி கடை ஒன்றில் பதினெட்டு வருஷமாக, வாங்குகிறவர்களின் வீட்டுக்கு டிவியைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டித் தருகிறவர். சட்டைப் பையில் எந்நேரமும் கைக்கடக்கமாக ஒரு ரசமட்டம் இருக்கும். அதற்குள் ஓடும் நீர்க்குமிழி நடுவில் நிற்கிற வரை மனிதர் விடமாட்டார். அதனால் கடைவீதி முழுக்க அவருக்குப் பெயரே ரசமட்டம்தான். மேடம் வீட்டு டிவியையும் அவர்தான் மாட்டினார். ஒன்பது வருஷமாக அது ஒரு நூல் இறங்கவில்லை.

"நேத்து காலையில பதினோரு மணிக்கு மாட்டி முடிச்சேன். மூணு மாடி வீடு, மேல் மாடி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு, டிவி கீழே விழுந்து உடைஞ்சு கிடக்குன்னு கடைக்குப் போன் வந்திருக்கு. மேனேஜர் அந்த வீட்டுக்காரங்களுக்கு வேற டிவி புதுசா தரேன்னு சொல்லிட்டார். என்னை இன்னிக்கு நாலு மணிக்குள்ள 'என் தப்பு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, டூல்ஸ் பையையும் அடையாள அட்டையையும் வெச்சிட்டுப் போகச் சொல்றார்."

"தப்பு உங்களோடதா?"

ரசமட்டம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "அதுதான் மேடம் தெரியல" என்றார். "பதினெட்டு வருஷத்துல ஒண்ணு விழுந்ததில்ல. ஆனா நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். கடைசி போல்ட்டை முறுக்கினேனா, இல்ல முறுக்கினதா நினைச்சுக்கிட்டேனா? காலையில எழுந்ததும் போன வாரம் மாட்டின ஆறு வீட்டுக்கும் போன் போட்டேன். 'சுவத்துலதான் இருக்கா, சுவத்துலதான் இருக்கா'ன்னு கேட்டேன். வேலை போனாக்கூட எங்கயாவது பொழைச்சுக்குவேன். என் கை மேல இருந்த நம்பிக்கை போயிடுச்சு மேடம். அது இல்லாம நான் எந்த வீட்டுச் சுவத்துல போய்க் கை வைக்கறது?"

ரேடியோ அவர் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தினான். மேடம் மட்டும் பென்சிலை எடுத்துக்கொண்டார். "எப்படி மாட்டுவீங்க? முதல்லேர்ந்து சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

வேலையைப் பற்றிப் பேச்சு வந்ததும் மனிதருக்கு உயிர் வந்தது. "எப்பவும் ரெண்டு ஆள் வேணும், தூக்க மட்டும் கடைப் பையன் ஒருத்தன் கூட வருவான். பெட்டியை நிமிர்த்தி வெச்சுத்தான் தூக்கணும், ஒரு நிமிஷம்கூடப் படுக்க வைக்கக் கூடாது. படுத்தா நடுவுல தொய்யும். அதோட பாரத்தையே அதால தாங்க முடியாது, உள்ளே கண்ணாடி விரிஞ்சிடும். மாடிப்படி திருப்பத்துல கைப்பிடிக்கு மேலே தூக்கித் திருப்புவோம். டிவி முதுகுல ரெண்டு இரும்புப் பட்டை முடுக்குவோம். அதுல கொக்கி இருக்கும். சுவத்துல இருக்கற சட்டத்துல அந்தக் கொக்கியை மாட்டி, அழுத்தினா கீழே 'டக்'குனு பூட்டிக்கும். பூட்டைத் திறக்க ரெண்டு பட்டையிலயும் ஒவ்வொரு கயிறு தொங்கும். ரெண்டையும் ஒரே நேரத்துல இழுத்தாதான் டிவி கழலும்."

"கயிறு வெளியே தெரியுமா?"

"எல்லாரும் அப்படியே தொங்க விட்டுடுவாங்க. நான் விட மாட்டேன். குழந்தைங்க இழுத்துடும்னு ரெண்டையும் சேர்த்து மேலே சுருட்டி மஞ்ச டேப் ஒட்டிடுவேன்."

"வேலைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார் மேடம்.

எட்டு வருஷத்தில் தன்னைப் பார்த்து ஒரு நாளாவது இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாரா? ரேடியோ கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு நாள் இல்லை. சகலைக்காக எரிந்துகொண்டிருந்த வயிற்றில் இப்போது ரசமட்டத்துக்கும் ஓர் அடுப்பு பற்றிக்கொண்டது.

*

மூன்று பேரும் டிவி உடைந்த வீட்டுத் தெருவில் இறங்கியபோது மணி இரண்டு. குறுகலான தெரு. மூன்று அண்ணன் தம்பிகள், மாடிக்கு ஒரு குடும்பமாக இருக்கும் வீடு. கீழே பெரியவர் குடும்பம், நடுவில் இரண்டாமவர் குடும்பம், மேலே ஆறு மாசத்துக்கு முன் கல்யாணமான கடைசித் தம்பி. ஆண்கள் மூவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ரசமட்டத்தைக் கண்டாலே வீட்டுக்காரர்கள் கொதிப்பார்கள் என்பதால் அவரை வெளிக்கேட்டிலேயே நிற்க வைத்துவிட்டு, மேடம் முதலில் எதிர்க்கடைக்குப் போனார். அங்கே ஒருவர் சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.

"நேத்து மத்தியானம் அந்த வீட்டுக்கு யார் வந்தாங்க?"

"யாரும் வரலம்மா. டிவி மாட்டினவங்க பதினொண்ணே காலுக்குப் போயிட்டாங்க. கடைசி மருமகளும் புருஷனும் சோபா வாங்கணும்னு பன்னெண்டுக்குக் கிளம்பினாங்க. அஞ்சு மணிக்குத்தான் திரும்பினாங்க. நடுவுல ஒரு ஈ காக்கா உள்ளே போகல. கேட்டு என் மூக்குக்கு நேரா இருக்கு."

"சத்தம் ஏதாவது?"

சைக்கிள்காரர் சிரித்தார். "படிக்கட்டு ஜன்னல் திறந்திருந்துச்சு. ஒரு பொம்பளை குரல். 'ஒண்ணு, ரெண்டு, மூணு'ன்னு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் 'ஒண்ணு, ரெண்டு, மூணு'. ஒரு மணி நேரத்துல ஆறேழு தடவை இருக்கும். உடம்பு இளைக்கறதுக்கு யாரோ பயிற்சி பண்றாங்கன்னு நினைச்சேன்."

"ஒரே குரல்தானா? பதில் குரல் கேட்கலையா?"

"ஒரே குரல்தான்."

"தடால்னு ஏதாவது விழுந்த சத்தம்?"

"இல்லவே இல்ல. இந்தத் தெருவுல ஒரு ஸ்பூன் விழுந்தாக்கூட எனக்குக் கேட்கும்."

ரேடியோ அதுவரை டிவி கடையிலிருக்கும் வேறொரு ஆள் போட்டிக்குச் செய்த வேலை என்று ஒரு கதையை மனசுக்குள் ஜோடித்து வைத்திருந்தான். ஈ காக்கா நுழையவில்லை என்றதும் அந்தக் கதை பொசுக்கென்று போனது.

மேல் மாடிக் கதவைத் திறந்தவள் கடைசி மருமகள், சின்னவள். முகம் அழுது வீங்கியிருந்தது. ஹாலில் சுவர் ஓரமாகத் தலையணைகளில் சாய்த்து வைத்திருந்தது அந்த எழுபத்தைந்து இன்ச். ரேடியோ அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உடைந்து கிடக்கும்போதே இப்படி இருக்கிறதே, ஓடினால் எப்படி இருந்திருக்கும்! சகலையின் டிவியை இதன் பக்கத்தில் வைத்தால் ஜன்னல் மாதிரிதான் இருக்கும். அந்த நினைப்பில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"விழுந்தப்ப யார் பார்த்தாங்க?" என்று மேடம் கேட்டார்.

"யாரும் பார்க்கல. நாங்க வந்தப்போ குப்புறக் கிடந்துச்சு" என்றாள் சின்னவள். "பூட்டிட்டுத்தான் போனோம். இன்னொரு சாவி கீழே படிக்கட்டுப் பக்கத்துல ஆணியில தொங்கும். மூணு வீட்டுச் சாவியும் அங்கதான்."

மேடம் சுவர்ச் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சட்டம் கல்லாக நின்றது. நெற்றிக்கு ஏற்றியிருந்த இரண்டாவது கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு தரையில் குனிந்தார். "ரேடியோ, இந்த டைல்ஸ்ல கீறல் இருக்கா பாரு."

"கீறலா? இதுல முகம் பார்த்துத் தலை வாரலாம் மேடம்."

"நாப்பது கிலோ சாமான் இந்த உயரத்திலேர்ந்து விழுந்தா டைல்ஸ் சும்மா இருக்குமா? சரி, டிவி மூலையைப் பாரு. நாலு மூலையும்."

நாலும் நெளியாமல் பெட்டியிலிருந்து எடுத்தபடி இருந்தன. கண்ணாடியில் ஓர் இடத்தில் அடிபட்டு நொறுங்கிய தடமும் இல்லை. நடுவிலிருந்து இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நீளநீளமாக விரிசல் ஓடியிருந்தது. மேடம் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். இரும்புப் பட்டைகள் இரண்டிலும் கயிறு தனித்தனியாகத் தொங்கியது.

"மஞ்சள் டேப் எங்கே?" என்றார்.

ரேடியோதான் கண்டுபிடித்தான். சுவர்ச் சட்டத்தின் ஓரத்தில், மடிப்புக் கலையாமல், யாரோ பொறுப்பாக ஒட்டி வைத்திருந்தார்கள். "நல்ல டிவி மேடம் இது" என்றான். "விழறதுக்கு முன்னாடி டேப்பைப் பிரிச்சு, பத்திரமா ஒட்டி வெச்சிட்டு விழுந்திருக்கு."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "விழல. கழட்டியிருக்காங்க. ரெண்டு கயிறு, ரெண்டு ஆள்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து, இரண்டு இரும்புப் பட்டைகளுக்கும் நடுவே இருந்த தூரத்தை அளந்தார். சரியாக இரண்டடி.

சின்னவளின் கண் அகன்றது. "நேத்து வீட்ல இருந்தது பெரியக்காவும் நடு அக்காவும் மட்டும்தான். அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நாலு வருஷம் ஆச்சு. ஒருத்தர் போற படியில இன்னொருத்தர் வர மாட்டாங்க. அவங்க எப்படி…"

*

நடு மாடியில் இருந்தவள் இரண்டாவது மருமகள். எல்லாரும் அவளை நடுவள் என்றார்கள். வெடவெடவென்று உயரம். கேட்பதற்கு முன்னாலேயே பதில் வைத்திருந்தாள். "நான் மத்தியானம் தூங்கிட்டேன். நாலு மணிக்குத் தடால்னு ஒரு சத்தம். குட்டி ராணி வீட்ல ஏதோ விழுந்துச்சுன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

"குட்டி ராணி?"

"மேலே இருக்காளே, அவதான்." நடுவளின் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "வந்து ஆறு மாசம் ஆகல. ஹால் சுவர் பூரா டிவி. அதுக்கு ஏத்த சோபா வேணுமாம். நாங்க பதினோரு வருஷமா இந்த வீட்ல இருக்கோம். எங்க வீட்டு டிவிக்கு முதுகு இன்னும் பானை மாதிரி இருக்கு."

"கீழே இருக்கறவங்களைக் கேட்டா ஏதாவது தெரியுமா?"

"அவளையா? அவ வாசப்படியை மிதிச்சு நாலு வருஷம் ஆச்சு. பசங்க சண்டையில ஆரம்பிச்சது. அவ இருக்கற திசைக்கு நான் தலை வெச்சுக்கூடப் படுக்கறதில்ல."

ரேடியோவின் கண் சுவரில் மேய்ந்தது. குழந்தை வரைந்த படங்கள் இரண்டு, இடுப்பு உயரத்தில், எட்ட எட்ட ஒட்டியிருந்தன. புது டேப். மேடம் பேச்சுவாக்கில் நாடாவை எடுத்து எதையோ அளந்துவிட்டுச் சுருட்டிக்கொண்டார்.

கீழ் வீட்டில் மூத்த மருமகள் பெரியவளும் அதே பாட்டைத்தான் பாடினாள். குட்டையான, கனத்த அம்மாள். பட்டாளத்தில் இருந்திருக்க வேண்டிய குரல். "தூங்கிட்டேன். நாலு மணிக்குத் தடால்னு சத்தம். அந்த மாட்டினவன் ஒழுங்கா மாட்டல, அவ்வளவுதான். அதுக்கு எதுக்குத் துப்பு துலக்கிக்கிட்டு? கடைக்காரனே வேற தரேன்னுட்டான்."

"நடு மாடியில இருக்கறவங்க…"

"அந்தப் பேச்சே எடுக்காதீங்க. அவ முகத்துல முழிச்சா எனக்கு அன்னிக்குக் காபிகூட இறங்காது. ஆனா ஒண்ணு சொல்றேன். சின்னவளுக்கு இவ்வளவு ஆட்டம் ஆகாது. மூத்தவ வீட்ல இல்லாதது இளையவ வீட்ல இருக்கலாமா? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?" சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. பொறாமையில் கண் கலங்குவதை ரேடியோ அன்றுதான் பார்த்தான். தனக்கும் அது வந்திருக்கிறது, வெங்காயத்தின் மேல் பழி போட்டிருக்கிறான்.

இங்கேயும் சுவரில் இரண்டு சின்ன போட்டோக்கள், எட்ட எட்ட, இடுப்பு உயரத்தில். "இந்த வீட்ல எல்லாரும் உட்கார்ந்துக்கிட்டேதான் போட்டோ பார்ப்பீங்களா?" என்று ரேடியோ கேட்டான். பெரியவள் நகர்ந்து வந்து போட்டோக்களை மறைத்து நின்றாள்.

படிக்கட்டுக்கு வந்ததும் ரேடியோ பொரிந்து தள்ளினான். "மேடம், நம்ம கதை இதோட முடிஞ்சது. கழட்ட ரெண்டு ஆள் வேணும். இருந்ததும் ரெண்டே ஆள். அந்த ரெண்டும் எலியும் பூனையும். மணி மூணே கால் ஆச்சு. பாவம், ரசமட்டம் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டியதுதான்."

மேடம் படியில் உட்கார்ந்தார். "ரேடியோ, உன் சகலை மேல உனக்குப் பொறாமைதானே?"

"சீச்சீ! எனக்கென்ன மேடம் பொறாமை? அவன் நல்லா இருக்கட்டும். அந்த டிவி மட்டும் நாசமாப் போகட்டும்."

"போய் உடைப்பியா?"

ரேடியோ யோசித்தான். "மாட்டேன். அவ்வளவு அழகான சாமானை உடைக்கக் கை வராது."

"பின்னே என்ன பண்ணுவ? அவன் வீட்ல யாரும் இல்ல. சாவி உன் கையில இருக்கு. மனசுல இருக்கறதை அப்படியே சொல்லு."

ரேடியோவின் காது மடல் சிவந்தது. இதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கழட்டி எடுத்துட்டு வந்து எங்க ஹால் சுவத்துல வெச்சுப் பார்ப்பேன். ஒரே ஒரு தடவை. எங்க வீட்ல இருந்தா எப்படி இருக்கும்னு. பார்த்துட்டு, கொண்டு போய்…"

பாதியில் வாய் நின்றது. ரேடியோ தானாக அணைந்தது அந்த எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"எட்டு வருஷத்துல உன்னைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைச்சதில்ல" என்று மேடம் அவன் தோளைத் தட்டிவிட்டு எழுந்தார். "மூணு பேரையும் கீழ் ஹாலுக்குக் கூப்பிடு."

*

நடுவள் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். சின்னவள் சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். பெரியவள் தன் வீட்டு நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"மேலே இருக்கற டிவியோட முதுகுல ரெண்டு இரும்புப் பட்டை" என்றார் மேடம். "நடுவுல ரெண்டடி. நடு மாடியில குழந்தை வரைஞ்ச படம் ரெண்டு. நடுவுல ரெண்டடி. இந்த ஹால்ல போட்டோ ரெண்டு. நடுவுல எவ்வளவு இருக்கும் ரேடியோ?"

"ரெண்டடி இல்லேன்னா என் மீசையை எடுத்துடறேன் மேடம்."

"உனக்கு மீசையே இல்லியே. போட்டோவை எடு."

"தொடாதீங்க!" என்று பெரியவள் எழுவதற்குள் ரேடியோ எடுத்துவிட்டான். சுவரில் புதுசாக ஒரு கீறல், கொக்கி உரசிய கீறல். அடுத்த போட்டோவுக்குப் பின்னாலும் அதே கீறல். பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நடு மாடியில அந்தப் படங்களை எடுத்தாலும் இதேதான் இருக்கும்" என்றார் மேடம். "டிவியை உடைக்கணும்னு யாரும் நினைக்கல. நம்ம வீட்ல இருந்தா எப்படி இருக்கும்னு பார்க்க ஆசைப்பட்டீங்க. முதல்ல நடு வீட்ல வெச்சுப் பார்த்தீங்க. அப்புறம் இங்கே. தடால்னு எதுவும் விழல. எதிர்க்கடைக்காரருக்குக் கேட்டது ஒரே ஒரு குரல்தான். ஒருத்தர் எண்ணினீங்க, இன்னொருத்தர் தூக்கினீங்க. பேசிக்கல. படிக்கட்டுத் திருப்பத்துல டிவி திரும்பல. வழக்கமா தூக்கறவங்க கைப்பிடிக்கு மேலே தூக்குவாங்க. நீங்க கட்டில் மாதிரி படுக்க வெச்சுட்டீங்க. அங்கதான் விரிஞ்சது."

வாசலில் நின்ற நடுவள்தான் முதலில் வெடித்தாள். "நான் அப்பவே மேலே தூக்குங்கன்னேன்!"

"நீ எங்கடி சொன்ன? கண்ணைத்தானே உருட்டின!" என்று பெரியவள் திருப்பிக் கொடுத்தாள். "நான் தொண்டை வறள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணறேன், நீ பாட்டுக்கு ரெண்டுலயே தூக்கற!"

"நீங்க சுவத்தைப் பார்த்து எண்ணினா எனக்கு எப்படித் தெரியும், எனக்குத்தான் எண்ணறீங்கன்னு?"

நாலு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. சொல்லி முடித்ததும் இரண்டு பேருமே திகைத்துப்போய் நின்றார்கள்.

பெரியவள் மெல்லச் சொன்னாள். சும்மா ஒரு தடவை பார்க்கலாம் என்றுதான் சாவியைத் தேடிப் போனாளாம். ஆணியில் சாவி இல்லை. மேலே போனால் நடுவள் ஏற்கெனவே டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. அப்புறம் நடுவள் பின்னால் கைவிட்டு மஞ்சள் டேப்பைப் பிரித்தாள், பெரியவள் மறுமுனையைப் பிடித்தாள். திரும்ப ஏற்றும்போதுதான் திருப்பத்தில் 'டப்' என்று கேட்டது. தானாக விழுந்த மாதிரி இருக்கட்டும் என்று சட்டத்துக்குக் கீழே குப்புறக் கிடத்திவிட்டு இறங்கிவிட்டார்கள்.

"மணி மூணு நாப்பது" என்றான் ரேடியோ.

மேடம் கைபேசியை நீட்டினார். "கடை மேனேஜர் நம்பர். நாலு மணிக்குள்ள யாராவது உண்மையைச் சொல்லணும். வெளியே ஒரு மனுஷன் நிக்கறார்."

பெரியவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சொன்னா புது டிவி கிடைக்காது. எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்வையாலேயே எரிச்சுடுவார்." அவள் சின்னவள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உனக்குத்தானே புதுசு வரப் போகுது. நீ ஏன் வாயைத் திறக்கணும்? அப்படியே விட்டுடேன்."

"ஆமா, உனக்கென்ன நஷ்டம்?" என்றாள் நடுவள். இதிலும் இரண்டு பேரும் ஒன்று.

சின்னவள் ஒரு நிமிஷம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வந்து கைபேசியை வாங்கிக்கொண்டாள். "சார், நேத்து எழுபத்தஞ்சு இன்ச் வாங்கின வீட்லேர்ந்து பேசறேன். டிவி விழல. நாங்கதான் கழட்டினோம். வீட்டுப் பொம்பளைங்க மூணு பேரும் சேர்ந்து. மாடிப்படியில படுக்க வெச்சுத் தூக்கினோம், விரிஞ்சு போச்சு. மாட்டினவர் மேல எந்தத் தப்பும் இல்ல. எங்களுக்குப் புதுசு வேண்டாம். அவரை வேலையை விட்டு எடுத்தா நானே கடைக்கு வந்து உட்காருவேன்."

பேசி முடித்ததும் பெரியவள் வாய் பிளந்தாள். "மூணு பேரா? நீ எங்கடி தூக்கின?"

"தூக்கலையே! அதானே எனக்கு வயித்தெரிச்சல்!" சின்னவள் கத்தியே விட்டாள். "நீங்க பேசிக்க மாட்டீங்க. ஆனா மழை வந்தா உங்க துணியை நடு அக்கா எடுத்து வைக்கறாங்க. அவங்க குழந்தைக்குக் காய்ச்சல்னா நீங்க வாசல்ல மருந்தை வெச்சிட்டு வர்றீங்க. சண்டைகூட உங்க ரெண்டு பேருக்குள்ளதான். என்கூடச் சண்டை போடக்கூட இந்த வீட்ல ஆளில்ல. ஆறு மாசமா நான் மேலே தனியா உட்கார்ந்திருக்கேன். அந்த டிவியை எதுக்கு அவ்வளவு பெருசா வாங்கினேன்? அதைப் பார்க்கவாவது ரெண்டு பேரும் மேலே வருவீங்கன்னுதான் வாங்கினேன். வந்தீங்க. நான் வீட்ல இல்லாத நேரமாப் பார்த்து வந்தீங்க."

நாலு வருஷத்தில் நேற்று டிவியோடு மட்டும் மிதித்த வாசப்படியை நடுவள் இன்று வெறுங்கையோடு தாண்டி உள்ளே வந்தாள். எதற்கு வந்தோம் என்று அவளுக்கே தெரியாத மாதிரி, சின்னவளின் பக்கத்தில் போய் நின்றாள்.

ரேடியோ ஓடிப்போய், நடந்ததைச் சொல்லிக்கொண்டே ரசமட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். அதற்குள் மேனேஜர் அவரைப் போனில் கூப்பிட்டு நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். மனிதருக்கு அது காதில் ஏறினதாகவே தெரியவில்லை. உள்ளே நுழைந்ததும், "விழலையா மேடம்?" என்றார்.

"விழல. கழட்டினாங்க."

"நிஜமாவே விழலையா?"

"உங்க சட்டம் அசையலங்க. ஆட்டிப் பார்த்துட்டேன்."

அவர் பெரியவளையும் நடுவளையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று ரேடியோ நினைத்தான். "படுக்க வெச்சா தூக்கினீங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்கே இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு சின்னவளிடம், "நான் ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துட்டு வரலாமாம்மா?" என்றார்.

எல்லாரும் அவர் பின்னாலேயே ஏறினார்கள். ரசமட்டம் செருப்பைக் கழற்றினார். வெறும் சட்டம் இருந்த சுவருக்கு முன்னால் போய் நின்று, அதை இரண்டு கையாலும் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலை மடக்கி, இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்துவிட்டார். ஐம்பது கிலோ உடம்பு அந்தரத்தில் தொங்கியது. சுவரிலிருந்து ஒரு பொட்டுச் சுண்ணாம்புகூட உதிரவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பெரியவளும் நடுவளும் சின்னவளும் வாசலில் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இறங்குங்கண்ணே" என்றான் ரேடியோ. "கை வலிக்கப் போகுது."

"வலிக்கட்டும் தம்பி" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "கொஞ்ச நேரம் தொங்கிக்கறேன்."